மூன்று நாள் கேண்டிடேட்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் இதுவரை ஒரு தேர்தலில்கூடத் தோற்காத மனிதர் ஒரே ஒருவர்தான். எங்கள் கேண்டிடேட். ஐந்து தேர்தலில் மனு போட்டார், ஐந்திலும் தோற்கவில்லை. நின்றிருந்தால்தானே தோற்பதற்கு.

விஷயம் இதுதான். பெரிய கட்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டு வாங்கியவரின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடி ஆகிவிட்டால் கட்சி நடுத்தெருவில் நிற்கக் கூடாதே என்று, கூடவே இன்னொருவரையும் மனு போட வைப்பார்கள். மாற்று வேட்பாளர் என்று பெயர். பரிசீலனை நாளில் அசல் மனு ஏற்கப்பட்ட அடுத்த நிமிஷமே மாற்று மனு தள்ளுபடி ஆகிவிடும். ஊரில் இதை டம்மி என்பார்கள். மற்ற இடங்களில் மச்சானையோ தம்பியையோ டம்மியாகப் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் மச்சானையும் தம்பியையும் நம்ப முடியாது என்பதால் ஜெராக்ஸ் கடைக்காரரைப் போட்டார்கள்.

அந்த ஜெராக்ஸ் கடைக்காரர்தான் கேண்டிடேட். கடை பாகூர் கடைத்தெருவில். அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் எழுதியிருந்தது. வெயிலில் அது அழிந்துபோனது, யாரும் அதைத் தேடவில்லை. ஐந்து தேர்தலில் நான்கு கட்சிக்கு மாற்று வேட்பாளராக இருந்திருக்கிறார். எல்லாக் கட்சிக்காரர்களும் அவரை நம்பினார்கள், ஏனென்றால் மனுவில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது அவரைத் தவிர எவருக்கும் தெரியாது. எங்கள் தொகுதியில் மந்திரியானவர்கூட இவரிடம் வந்து "இங்க இல்லைன்னு எழுதட்டுமா, கோடு போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மந்திரியானார்.

டம்மி என்று மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் ஜெராக்ஸ் கிடையாது. மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு உங்கள் கண்ணெதிரே எடுத்துக் கொடுப்பார்.

"கேண்டிடேட்னா இன்னான்னு தெரியுமா உனுக்கு?" என்று ஆரம்பிப்பார். தெரியும் என்று சொன்னாலும் தெரியாது என்று சொன்னாலும் ஒரே பாடம்தான். "ரோமாபுரில ஓட்டு கேக்கக் கெளம்பறவன் வெள்ள அங்கி மாட்டிக்கினு, அதுமேல சுண்ணாம்புப் பொடி தேச்சிக்கினு வருவான். வெள்ளைய உடுத்தினவன், அதான் கேண்டிடேட்டு. தமிழ்ல வேட்பாளர்னா ஆசப்படறவன். அவன் வெள்ள உடுத்தினான், இவன் ஆசப்பட்டான். நம்ம ஊர்ல ரெண்டையும் சேத்து ஒரே ஆளு செய்யறான், அதான் தாங்க மாட்டேங்குது."

அந்த ஒரு சொல்லை யார் எங்கே தப்பாகப் பயன்படுத்தினாலும் அவருக்குப் பொறுக்காது. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, ஊர்ப் பெரிய மனுஷன் வேண்டும் என்று என் அப்பா இவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதுவே முதல் தப்பு. தரகர், "பையன் நல்ல கேண்டிடேட்டுங்க" என்று பேச்சை ஆரம்பித்தார். இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருங்க. ஜாதகம் பாத்தாச்சா?"

"இனிமேதாங்க."

"பொண்ணு பையனப் பாத்துச்சா?"

"இனிமேதான்."

"அப்போ பையன் இன்னும் கேண்டிடேட்டு ஆவல. வெறும் அப்ளிகண்ட்டு. பரிசீலன முடியட்டும், அப்பறம் பேசுங்க."

என் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் நிதானமாக, "வாபஸ் வாங்கக் கடைசி தேதி எப்பங்க?" என்று கேட்டார். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் அவள் என்னை அப்ளிகண்ட் என்றுதான் கூப்பிடுகிறாள்.

இன்னொரு தடவை, திருவாண்டார்கோயில் பக்கம் நான் ஷிப்ட் பார்க்கும் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஆறு பேர் இன்டர்வியூவுக்குக் கிளம்பினார்கள். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் கேண்டிடேட். "கேண்டிடேட்டுன்னு போட்டு கையெழுத்து வாங்கறான் இல்ல, அப்ப வெள்ளையிலதான் போவணும்" என்று சொல்லிவிட்டார். ஆறு பேரும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில், ஒரே வேனில் போய் கம்பெனி வாசலில் இறங்கியிருக்கிறார்கள். செக்யூரிட்டி பார்த்தான். ஏதோ கட்சிக்காரர்கள் நன்கொடை வாங்க வந்திருக்கிறார்கள் என்று கேட்டை இழுத்துப் பூட்டினான். மேனேஜருக்குத் தகவல் போனது. அவர் பின்பக்கக் கேட் வழியாக வீட்டுக்கே போய்விட்டார். இன்டர்வியூ மறு வாரத்துக்குத் தள்ளிப்போனது. அந்த ஆறு பேரும் மறு வாரம் கட்டம் போட்ட சட்டையில் போனார்கள், நான்கு பேருக்கு வேலை கிடைத்தது.

இவ்வளவு பேசுகிறவர் தன் விஷயத்தில் எப்படி இருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மனு போட்ட நாளிலிருந்து பரிசீலனை நாள் வரைக்கும் மூன்று நாள் அவர் சட்டப்படி வேட்பாளர். அந்த மூன்று நாளும் கடைக்கு வண்டியில் வர மாட்டார், நடந்துதான் வருவார். எதிரில் வருகிற ஆள், ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் கும்பிடு. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறை கேட்டு எழுதுவார். முதலில் எல்லாரும் கிண்டலுக்குத்தான் குறை சொன்னார்கள். ஒருவன் தன் மாமியாரையே குறையாக எழுதிக்கொடுத்தான். ஆனால் எங்கள் தெருவில் எட்டு மாதமாக எரியாத விளக்கைப் பற்றி அவர் ஒரு மனு எழுதி, கீழே 'கேண்டிடேட்' என்று கையெழுத்துப் போட்டு மின்துறையில் கொடுத்தார். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் ஐந்து வருஷத்தில் செய்ததை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அந்த விளக்குக்கு மேல் ஒன்றும் இல்லை.

மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசை. ஓட்டு மிஷினில் ஒரே ஒரு தடவை தன் பெயர் வர வேண்டும். ஜெயிக்கிற ஆசையெல்லாம் கிடையாது. பெயர், பக்கத்தில் ஒரு சின்னம், அதற்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

"சுயேச்சையா நில்லேண்ணா, பேர் வந்துடப் போவுது" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"சுயேச்சைன்னா தானா கெளம்பி வர்றவன்டா. கேண்டிடேட்டுன்னா நாலு பேரு அனுப்பணும்" என்றார்.

உண்மை வேறு. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஒரு தடவை முயற்சி செய்து ஒன்பது வாங்கிவிட்டார். பத்தாவது கையெழுத்துக்குத் தன் பெண்டாட்டியிடம் போனார். அண்ணி பேனாவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, "வூட்டுக் கொழா அஞ்சு மாசமா ஒழுவுது. அத்த மொதல்ல பாரு, அப்பறம் தொகுதியப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். குழாய் சரியாவதற்குள் மனு போடும் தேதி முடிந்துவிட்டது.

இனி ஐந்தாவது தேர்தலுக்கு வருகிறேன். அந்த முறை சீட்டு வாங்கியவர் செலியமேட்டு ரைஸ்மில் முதலாளி. நல்ல மனுஷன்தான். ஆனால் பல் விளக்குவதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பவர். மனு வாங்கும் தேர்தல் அலுவலகம் வில்லியனூரில். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். முதலாளி மேளதாளத்தோடு வந்து சேரும்போது பதினொன்றே முக்கால். மனுவை அதிகாரி கையில் கொடுத்தபோது பதினொன்று ஐம்பத்து ஆறு.

மனு கொடுத்த பிறகு ஒரு உறுதிமொழி இருக்கிறது. அதிகாரி முன்னால் நின்று வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி அந்தத் தாளை நீட்டினார். முதலாளியின் மச்சான் கடிகாரத்தைக் காட்டினான். ராகு காலம் வருவதற்குள் கேட்டைத் தாண்டியாக வேண்டும். "அப்பறமா வந்து வாசிக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு முதலாளி ஓடினார். ஓட்டம் என்றால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டம்.

கேண்டிடேட் எப்போதும் ராகு காலத்தில்தான் மனு போடுவார். அந்த நேரத்தில்தான் கூட்டம் இருக்காது. அன்றைக்கும் பன்னிரண்டேகாலுக்கு உள்ளே போனார். கட்சி மனுவுக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், அந்த ஒருவன் நான் என்பதால் கூடவே போனேன். உறுதிமொழியை எழுந்து நின்று, கையை நீட்டி, பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். கையெழுத்துப் போடும்போது மேஜைமேல் இருந்த முதலாளியின் காகிதத்தைப் பார்த்தார். உறுதிமொழிக் கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் நான் கடைக்குப் போனபோது அவர் ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமான மிஷினை மறுபடி மறுபடி துடைத்தார்.

"இன்னாண்ணா?"

"மில்காரரு இன்னும் உறுதிமொழி எடுக்கலடா. நாளைக்குக் காலைல பரிசீலனைக்கு முன்னாடி எடுத்துக்கலாம்னு ஒக்காந்துகினு இருக்காரு. அது செல்லாது. பரிசீலன நாளுக்கு மொத நாளே முடிச்சாவணும். இன்னிக்கி சாயங்காலம் அஞ்சு மணியோட சரி."

"ஏன், இன்னிக்கே போவ வேண்டிதுதான?"

"இன்னிக்கி கரிநாளு."

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு விளங்கியது. முதலாளி இன்றைக்குப் போகவில்லை என்றால் நாளைக்கு அவர் மனு காலி. அவர் மனு காலி என்றால் கட்சியின் வேட்பாளர் இவர்தான். டம்மி இல்லை, அசல். மிஷினில் பெயர், பெயருக்குப் பக்கத்தில் பெரிய கட்சியின் சின்னம்.

"ண்ணா, இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உனுக்குத் தெரியும். கட்சி வக்கீலு கூட்டணி பேச டவுனுக்குப் போயிருக்காரு."

"கம்முனு இரு. அஞ்சு மணி வரைக்கும் வாயத் தொறக்காத. நீ ஒரு தப்பும் பண்ணல, ராகு காலம் பண்ணது."

அப்போது அண்ணி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். நான் அவரிடமும் சொன்னேன். அண்ணி கேரியரைக் கீழே வைக்கவே இல்லை. "இருவத்தஞ்சு வருஷமா மிஷின்ல பேரு, மிஷின்ல பேருன்னு என் உசுர எடுத்தியே. இப்ப தானா வருது. இன்னும் இன்னா யோசன?" என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறிவிட்டது. அந்தக் குழாய்க் கையெழுத்து அவருக்கும் உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது போல.

கேண்டிடேட் துணியை மடித்து வைத்தார். "கரிநாளுக்குப் பயந்துகினு ஒருத்தன் வூட்ல ஒக்காந்ததால நான் கேண்டிடேட்டு ஆவறதா? நாலு பேரு அனுப்பணும்னு சொல்லுவேனே. என்ன யாரு அனுப்பனது?"

"நான் அனுப்பல? கையெழுத்துப் போட்டது யாரு?" என்று கத்தினேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"நீ ஒருத்தன்டா. மீதி மூணு பேரு எங்க?"

கேட்டுக்கொண்டே அவர் என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அவருக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. வேறு வழியில்லாமல் நானே ஓட்டினேன். அன்றைக்கு மூன்று மணி வெயிலில் செலியமேடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அவர் பின்னால் உட்கார்ந்து எதிரில் வந்தவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

முதலாளி பனியனோடு கூடத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கரிநாள்ல ஆரம்பிச்சா வெளங்காதுய்யா. வாசப்படியத் தாண்ட மாட்டேன்."

"தாண்டலன்னா மனுவே இல்ல மொதலாளி."

"அத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு ஒண்ணும் இருக்காது பாக்கறதுக்கு."

அரை மணி நேரம் இப்படியே போனது. எனக்கு உள்ளூரக் குஷி. இன்னும் ஒரு மணி நேரம் இந்த ஆள் இப்படியே அடம்பிடித்தால் போதும் என்று நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது கேண்டிடேட் கேட்டார்.

"மொதலாளி, கரிநாள்ல துக்கத்துக்குப் போலாமில்ல?"

"போலாம். சாவுக்கு எவன் நாளு பாக்கறான். ஏன், யாரு செத்தது?"

"நாந்தான்."

முதலாளி வெள்ளரிக்காயை வாயிலிருந்து எடுத்தார்.

"நீ போயி உறுதிமொழி எடுத்தின்னா, நாளைக்குக் காலைல என் மனு செத்துடும். நீ நல்ல காரியத்துக்குப் போவல. என் சாவுக்கு வர்ற. எழுந்திரு."

முதலாளி யோசித்தார். பஞ்சாங்கத்தில் இதற்கு எங்கும் தடை இல்லை. அவருடைய சம்சாரம்தான் முதலில் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு நிற்காமல் முறையையும் சொன்னார். சலவைச் சட்டை கூடாது, அழுக்குச் சட்டைதான். நெற்றியில் ஒன்றும் வைக்கக் கூடாது. கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. வரும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். காரில் இருந்த கட்சிக் கொடியைக் கழற்றினார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முதலாளி காரில் ஏறினார், நாங்களும் ஏறிக்கொண்டோம். வழியில் பூக்கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, "சாவுக்கு வெறுங்கையோட போவக் கூடாது" என்று ஒரு ரோஜா மாலையும் வாங்கினார். மணி நாலே கால்.

அலுவலக வாசலில் போலீஸ்காரர் மாலையை உள்ளே விட மாட்டேன் என்றார். முதலாளி இப்படியும் அப்படியும் பார்த்தார். தரையில் வைக்கக் கூடாது, காரிலும் திருப்பி வைக்கக் கூடாது. சட்டென்று அதைக் கேண்டிடேட்டின் கழுத்தில் போட்டுவிட்டு, தலையில் துண்டோடு உள்ளே போனார்.

உள்ளே அதிகாரி அவர் கோலத்தைப் பார்த்துப் பதறி, "வீட்ல ஏதாவது ஆயிடுச்சா சார்?" என்று கேட்டாராம். "ஒரு துக்கம் சார்" என்று முதலாளி சொல்லி, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாராம். அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, மாலையும் கழுத்துமாக ஒரு ஆள் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏனென்றால் வெளியே வேறு கதை நடந்துகொண்டிருந்தது. மாலையைப் பார்த்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "இன்னா கேண்டிடேட்டு, சீட்டு உனுக்கே குடுத்துட்டாங்களா? சொல்லவே இல்ல?" என்று ஒருவர் கையைக் குலுக்கினார். மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர்கூட வந்து கட்டிக்கொண்டார். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையில் ரோஜாச் சாயம் இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் கழுத்தில் விழுந்த முதல் மாலை அது. நான் அவரைத் திட்டுவதை அங்கேதான் நிறுத்தினேன்.

நாலு ஐம்பதுக்கு முதலாளி வெளியே வந்தார். மறுநாள் பரிசீலனையில் அவர் மனு ஏற்கப்பட்டது. அதே மூச்சில் கேண்டிடேட்டின் மனு தள்ளுபடி என்று அதிகாரி வாசித்தார். வாசல் பக்கம் முதலாளிக்குப் பட்டாசு வெடித்தார்கள். கேண்டிடேட் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாடா, கடையத் தொறக்கணும். ஹால் டிக்கெட் எடுக்க புள்ளைங்க வந்து நிக்கும்" என்றார்.

அந்தத் தேர்தலில் முதலாளி நானூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றுப்போனார். கரிநாளில் தன்னைக் கிளப்பிக்கொண்டுபோய்க் கெடுத்தது அந்த ஜெராக்ஸ்காரன்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். கேண்டிடேட்டிடம் யாராவது அதைச் சொன்னால், "சாவுக்கு வந்தவரு, அப்பிடித்தான் பேசுவாரு" என்பார். அடுத்த தேர்தல் வரப்போகிறது. எந்தக் கட்சியும் இன்னும் அவரைக் கேட்கவில்லை.

அந்த ஐந்தாவது தேர்தலில் ஓட்டுப் போட்ட நாளன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அவர்தான். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. "பெரியவரே, சீக்கிரம்" என்று உள்ளேயிருந்து ஒரு அம்மா அதட்டிய பிறகுதான் வந்தார். "இன்னாண்ணா இவ்ளோ நேரம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா. பேருங்கள வரிசையா படிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது என் முறை. மிஷின் முன்னால் நின்றேன். அவர் பெயர் அதில் இல்லை என்பது என்னைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும், முன்மொழிந்தவனே நான்தானே. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராக, இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.